குடைக்காரரின் ஒற்றைக் கல்லூரிக் கொள்கை

"என் பொண்ணு ஒரே ஒரு காலேஜுக்குத்தான் அப்ளை பண்ணுவா. அவளுக்கு ஒண்ணு போதும்!"

இவ்வாறு முழங்கியபோது குடைக்காரர் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். கூரையோரத்து மழைநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்த சருகுகளை அள்ளுவதற்காக ஏறியவர் அவர். ஆனால் தரையில் நிற்பவரைக் காட்டிலும் உயரத்தில் நிற்பவருக்குக் கொள்கைகள் சற்று எளிதாகவே பிறந்துவிடுகின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாயைப் பிளந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறரை அந்த நிலையில் வைத்தே பழகியவருக்கு அது புதிய அனுபவம்.

பேச்சைத் தொடங்கிவைத்தவர் டாக்டர்தான்.

"எங்க பையன் முப்பத்திரண்டு காலேஜுக்குப் போட்டிருக்கான் சார்."

"முப்பத்திரண்டா! வாய்க்குள்ள எண்ணிப் பார்த்துப் போட்டீங்களா?"

"சிரிக்காதீங்க. ஒண்ணு ரெண்டு ஆடினாலும் மத்தது தாங்கும் பாருங்க. உங்க பொண்ணு எத்தனைக்குப் போடுறா?"

தெரியாது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பதே இதற்கு நேர்மையான பதில். ஏணியின் மேல் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வராது. ஆகவே அவர் முழங்கினார். முழங்கியதோடு நில்லாமல், எந்தக் கல்லூரி என்பதையும் அறிவித்தார். நாட்டிலேயே பெயர்பெற்றது, வாசலில் மணிக்கூண்டு உள்ளது, அதன் பெயரைச் சொன்னாலே தகப்பன்மார்களின் முதுகு நிமிர்ந்துகொள்ளும், அந்தக் கல்லூரி. தெரு முழுவதும் கேட்டது. கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவிக்கும் கேட்டது.

குடைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் விற்பதும் பழுது பார்ப்பதும் மழைக்குடையன்று. ஊருக்கு வெளியே இருந்த பயிற்சித் தளத்தில், விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்கான பாராசூட்டுகளை மடித்துக் கட்டுவது அவர் தொழில். நீண்ட மேசையில் துணியை விரித்து, கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே மார்பைப் பதித்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, ஒரு குழந்தையைத் துணியில் சுற்றுவது போலப் பையில் அடக்குவார். அவர் மடித்த பாராசூட் எதுவும் வானத்தில் திறக்காமல் போனதில்லை. இது பெருமைக்காகச் சொல்வதன்று. இப்படி இல்லாவிட்டால் அவர் அந்த வேலையில் இருந்திருக்க முடியாது.

அவருக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. முதுகிலுள்ள பாராசூட் திறக்காமற்போனால் உதவட்டும் என்று, குதிப்பவரின் மார்பில் இன்னொன்றையும் கட்டி அனுப்புவது விதி. அதற்கு ரிசர்வ் என்று பெயர். அதையும் அவரே மடித்து, நூல் கட்டி, ஈய முத்திரை வைப்பார். யாரும் தொடாத அந்த முத்திரையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தாமே உடைத்து, துணியை உதறிக் காற்றாட விட்டு, மறுபடி மடித்து முத்திரையிடுவார். தம் மடிப்பின் மேல் யாரோ சந்தேகப்பட்டுக் கட்டித் தொங்கவிட்ட மூட்டை என்றே அது அவர் கண்ணுக்குப் பட்டது. இந்த மனக்குறைதான் அன்று ஏணியேறிப் பேசிவிட்டது.

இறங்கி உள்ளே வந்தபோது மகள் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். விமானம் கட்டும் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் தீர்மானம். நினைவு தெரிந்த நாளிலிருந்து தந்தையின் மடிப்பு மேசைக்கு அடியில் விளையாடியவள் வேறெதைப் படிப்பாள்?

"அப்பா, நான் அஞ்சு காலேஜ் முடிவு பண்ணி வெச்சிருக்கேன்."

"ஏன் அஞ்சு? நாலுன்னா ஆகாதா? ஆறுன்னா அடிப்பாங்களா?"

"முதல்ல இருபதுக்கு மேல இருந்துச்சுப்பா. ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சுக்கிட்டு ஒரே கேள்விதான் கேட்டேன். மத்தது எல்லாமே இல்லேன்னு சொல்லி, இது ஒண்ணு மட்டும் வான்னு சொன்னா, நான் சந்தோஷமாப் பெட்டி கட்டுவேனா? பார்க்கலாம்னு மனசு இழுத்ததை எல்லாம் அடிச்சுட்டேன். அஞ்சு நின்னுச்சு."

"அஞ்சும் ஒரே உயரமா?"

"ரெண்டுக்கு எம்பிக் குதிக்கணும். ரெண்டு என் கைக்கு எட்டும். ஒண்ணு நிச்சயம் குடுப்பாங்க."

குடைக்காரர் உள்ளுக்குள் பூரித்துப்போனார். இப்படி யோசிக்கும் மூளை எந்த வழியில் வந்தது என்று அவருக்கு ஐயமே இல்லை. ஆனால் வெளியே ஒரு தெருவே சாட்சியாக நின்றுகொண்டிருந்தது.

"அதெல்லாம் சந்தேகப்படுறவன் கணக்கு. முதல் மடிப்பு ஒழுங்கா இருந்தா ரெண்டாவதுக்கு வேலையே இல்ல. மணிக்கூண்டு காலேஜ். ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான்."

"அவங்களுக்கு யாரைப் பிடிக்கும்னு என் கையிலயாப்பா இருக்கு?"

"உன்னைப் பிடிக்காதுன்னு சொல்ல அவங்களுக்கு என்ன துணிச்சல்? அதோட, நீ ஒருத்தியே அஞ்சு இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா மத்த நாலு பிள்ளைங்க எங்க போகும்?"

அப்போதுதான் காலித் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி மனைவி உள்ளே வந்தாள். ரயில் நிலையத்தின் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்ப்பவள் அவள். எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை பேர் கடைசி நேரத்தில் மனம் மாறுவார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"வேண்டாம்னு விட்ட சீட்டு ஆளில்லாமலா ஓடும்? காத்திருக்கிறவங்களுக்குத்தான் போகும். அந்தக் கவலையை என்கிட்ட விடுங்க" என்றாள். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"தெருவுல எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டிருப்பாங்க."

"அப்போ சரிங்க."

குடைக்காரர் திடுக்கிட்டார். மணமான நாளிலிருந்து அந்த அம்மையாரிடமிருந்து அவர் எத்தனையோ பதில்களைப் பெற்றிருக்கிறார். பின்னால் ஒரு பெட்டியும் இல்லாமல் எஞ்சின் மட்டும் தனியே போவது போல, வெறும் 'சரிங்க' இதுவரை வந்ததில்லை. மறுப்புக்கென அவர் திரட்டி வைத்திருந்த வாதங்களெல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட்டன. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. இருவரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தோற்றவர்கள் தனிமையை நாடுவது இயல்புதானே என்று குடைக்காரர் பெருந்தன்மையோடு எண்ணிக்கொண்டார்.

மணிக்கூண்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போயிற்று. மகளே வந்து சொன்னாள். வீட்டில் எதிர்ப்பே இல்லை. தம் குரலுக்கு இவ்வளவு வலிமை இருப்பது முன்பே தெரிந்திருந்தால் இன்னும் பல விஷயங்களில் முழங்கியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

சில நாட்கள் கழித்து, வேலை முடிந்து வந்தவர் வாசற்கதவின் முன் நின்று சட்டைப்பையைத் துழாவினார். சாவி இல்லை. தளத்தில் கழற்றி மாட்டிய மேலங்கியில் தங்கிவிட்டது. அதனால் என்ன? பூந்தொட்டியை நகர்த்தினார். அங்கே எப்போதும் இருக்கும் மாற்றுச் சாவியைக் காணவில்லை. மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பூந்தொட்டிக்குக் கீழ இருந்த சாவி எங்க?"

"அதுவா? அது ரெண்டாவது சாவிதானேங்க. நம்ம வீட்டுக்கு இனிமே ஒண்ணு போதும்னு எடுத்துட்டேன்."

"நான் இப்ப வெளிய நிக்கிறேன்!"

"முதல் சாவியை ஒழுங்கா வெச்சிருந்தா ரெண்டாவதுக்கு வேலையே இல்லையே. க்யூ நீளமா இருக்கு, வைக்கட்டுமா?"

அவள் வீடு திரும்பும் வரை குடைக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தூறல் தொடங்கியது. பல் டாக்டர் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தார்.

"என்ன சார், மழையில உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்குறேன்."

"உள்ள காத்து இல்லையா?"

"இருக்கு. இது வேற காத்து."

சாவியோடு முடிந்திருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். அடுத்த வாரம், தம் மூக்குக்கண்ணாடியின் மேல் தாமே உட்கார்ந்துவிட்டார். மாற்றுக் கண்ணாடி இருந்த பெட்டியைத் திறந்தால் பெட்டி மட்டும் இருந்தது. புதுக் கண்ணாடி வரும் வரை, உடையாமல் தப்பிய ஒற்றைச் சில்லின் வழியாக, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். எதிர்வீட்டு அம்மாள் தன் சன்னலை அடைத்துத் திரை போட்டாள். குளியலறை விளக்கு அணைந்தது. அலமாரியில் மாற்று விளக்கு இல்லை. இருட்டில் குளித்துவிட்டு, சோப்பு நுரையோடு வந்து காலைச் சிற்றுண்டிக்கு அமர்ந்தார்.

"காதோரத்துல நுரை இருக்குங்க" என்றாள் மனைவி மிகுந்த கரிசனத்தோடு.

"இருக்கட்டும்."

"ஒரு காதுலதான் இருக்கு. ஒண்ணு போதும்ல?"

மகள் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. குடைக்காரர் அசையவில்லை. தாம் சோதிக்கப்படுகிறோம் என்பதை அவர் அறிவார். சோதனைக்கு அஞ்சிக் கொள்கையை விடுபவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. மகள் முன்போல் அவர் அருகே வந்து உட்காருவதில்லை. 'மணிக்கூண்டு' என்ற சொல் எழும்போதெல்லாம் பேச்சை மாற்றினாள். ஒருநாள் டாக்டர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒத்தைக் காலேஜ்! பதில் வந்துச்சா?" என்று கேட்டதும், கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவள் நடையில் துள்ளல் இல்லை. பையின் கனம் தாங்காமல் அதைச் சுமந்து நடப்பவரின் நடை அது. தேர்வு நெருங்குகிறது, களைப்பாக இருக்கும் என்று குடைக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் தளத்தில் குதிநாள் வந்தது.

பாராசூட் மடிப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மடித்தவரே ஆண்டுக்கு ஒருமுறை குதித்துக் காட்ட வேண்டும். எதைக் கட்டிக்கொண்டு குதிப்பது என்பதை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர் மடித்து அடுக்கிய வரிசையிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் தம் விருப்பப்படி ஒன்றை உருவிக் கொடுப்பார். பிறர் உயிரை மடிக்கும் கை, தன் உயிரையும் அதே மடிப்பில் வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். குடும்பத்தார் வந்து, கயிற்று வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். குடைக்காரருக்கு ஆண்டின் தலைசிறந்த நாள் அதுவே. அன்று மட்டும் மனைவி தம்மைக் கண்கொட்டாமல் பார்ப்பாள் என்பதும் ஒரு காரணம்.

இவ்வாண்டு வந்தவர்கள் மனைவியும் மகளும் மட்டுமல்ல. அவர்களுக்கு அருகே பல் டாக்டரும் நின்றிருந்தார்.

"உங்க வீட்டம்மாதான் சார் கூப்பிட்டாங்க. கட்டாயம் வரணும்னாங்க" என்று கையசைத்தார் அவர்.

தலைமைப் பயிற்சியாளர் அடுக்கிலிருந்து ஒரு பையை உருவினார். அதிகம் சிரிக்காத மனிதர். குடைக்காரர் முதுகைக் கொடுத்தார். வார்கள் தோளிலும் தொடையிலும் இறுகின. மார்பில் ரிசர்வ் ஏறியது. பயிற்சியாளர் அதன் முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்து, வழக்கம் போலக் கேட்டார்:

"ரிசர்வ் சரியா இருக்கா?"

வேலிக்கு அப்பாலிருந்து முன்பதிவுக் கவுண்டரின் குரல் எழுந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே மூன்றாம் நடைமேடை வரை கேட்கும் குரல் அது.

"அது அவருக்கு வேண்டாம் சார். கழட்டிடுங்க."

பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"அவர் கொள்கை சார் அது. முதல் மடிப்பு ஒழுங்கா இருந்தா ரெண்டாவதுக்கு வேலையே இல்லையாம். தெருவுக்கே தெரியும். டாக்டர் சாட்சி. இல்லையா டாக்டர்?"

"ஆமாமா, ஏணி மேல நின்னு சொன்னார்" என்றார் டாக்டர், ஒரு சூதுவாதும் இன்றி.

பயிற்சியாளர் குடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவரும் மணமானவர். ரிசர்வின் கொக்கியில் கையை வைத்தார்.

"கழட்டிடட்டுமா?"

"சார், கையை எடுங்க!" குடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "என்ன விளையாட்டு இது? ரிசர்வ் இல்லாம ஒருத்தரையும் நான் விமானத்துல ஏத்தினதில்ல. நானும் ஏற மாட்டேன்!"

"ஏங்க, உங்க மடிப்பு மேல உங்களுக்கே சந்தேகமா?" என்று கேட்டாள் மனைவி.

அந்த ஒரு சொல்லில் அவருக்கு உச்சி கொதித்துவிட்டது.

"சந்தேகமா? என் மடிப்பு மேலயா? ஒரு நூல் அளவுக்குக் கிடையாது! சந்தேகத்துக்காகவா இதைக் கட்டுறோம்? மடிப்பு என் கையில இருக்கு. காத்து என் கையிலயா இருக்கு? மேகம் என் கையிலயா இருக்கு? ஒரு பறவை குறுக்கே வந்தா அதுகிட்ட என் சர்வீஸைச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? நம்ம கையில இருக்கிறதை முழுசாச் செய்யணும். நம்ம கையில இல்லாததுக்கு இடம் விடணும். ரிசர்வ் கட்டுறவன் பயந்தாங்கொள்ளி இல்ல. தொழில் தெரிஞ்சவன்! அது திறந்தாலும் மானம் போகாது. உயிரோட வந்து இறங்கினவனை எவனும் குறை சொல்ல முடியாது!"

களத்தில் நின்ற அனைவரும் கைதட்டினார்கள். மகள் எல்லோரையும் விட ஓங்கித் தட்டினாள். இத்தனை ஆண்டுகளில் தம் தொழிலைப் பற்றி அவர் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. கைதட்டல் அடங்கியதும் பல் டாக்டரின் குரல் மட்டும் தனியே கேட்டது.

"அப்போ காலேஜ் விஷயத்துல சார்?"

குடைக்காரர் வாயைத் திறந்தார். டாக்டருக்குப் பழக்கமான அளவில் திறந்தார்.

"ஏறுங்க, விமானம் காத்திருக்கு" என்று பயிற்சியாளர் அவரைக் காப்பாற்றினார்.

வானத்தில் அவர் மடிப்பு திறந்தது. எப்படித் திறக்காமல் போகும்? தலைக்கு மேல் துணி முழுவதுமாக விரிந்து, ஒரு கயிறும் பிறழாமல், காற்றை வாங்கி நிமிர்ந்தது. கீழே வேலியோரம் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் சின்னஞ்சிறியதை அவர் பார்த்துக்கொண்டே இறங்கினார். மார்பில் சும்மா கிடந்த மூட்டையின் மேல் கை தானாகப் போய் அமர்ந்தது. தம் பெண்ணை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, இதை அவளிடமிருந்து கழற்றி வாங்கிக்கொண்ட ஆள் யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கால் தரையில் பட்டபோது அவர் தடுமாறவில்லை. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குக் கிளம்பினார்.

கூடத்தில் இருவரையும் உட்கார வைத்துத் தாம் மட்டும் நின்றார். கொள்கையை மாற்றிக்கொள்வதிலும் ஒரு கம்பீரம் வேண்டும் அல்லவா?

"நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணு பத்தாது. நீ சொன்ன அஞ்சுக்கும் போடு. அஞ்சு என்ன, ஐம்பதுக்கு வேணும்னாலும் போடு!"

"இப்பவா?" என்றாள் மகள். "எல்லாக் காலேஜுக்கும் கடைசித் தேதி எப்பவோ முடிஞ்சிருச்சேப்பா."

நின்றவர் உட்கார்ந்தார். வானத்திலிருந்து தாம் இறங்கி வந்ததை விட வேகமாக ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இறங்குவதை அவர் கண்டார்.

"முடிஞ்சிருச்சா? எல்லாமா? நான் போறேன். ஒவ்வொரு காலேஜ் வாசல்லயும் போய் நிக்கிறேன். என் தப்புன்னு சொல்றேன். அந்தப் புள்ள மேல தப்பில்ல, ஏணி மேல நின்ன மடையன் ஒருத்தன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம..."

குரல் உடைந்தது. உட்கார்ந்தபடியே காலால் செருப்பைத் துழாவினார். மகள் பதறிப்போய்த் தாயைப் பார்த்தாள். தாய் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"போட்டாச்சுங்க."

"என்ன போட்டாச்சு?"

"அஞ்சுக்கும்."

"எப்போ?"

"நீங்க ஏணியை மடக்கி உள்ள வெச்சிட்டிருந்தப்போ ஆரம்பிச்சோம்."

குடைக்காரர் காலித் தம்ளரைக் கீழே வைத்தார். ஆறுதல் முதலில் வந்தது. கோபம் அதற்கு அடுத்த வண்டியில் வந்தது.

"அப்போ என் சாவி? என் கண்ணாடி? மழையில உக்கார வெச்சே! அவ்வளவு பேர் முன்னாடி ரிசர்வைக் கழட்டச் சொன்னே! அதான் போட்டாச்சே, அதுக்கப்புறம் என்னை எதுக்குப் பாடாப் படுத்தினே?"

மனைவி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்ளை பண்றதுக்கு உங்க சம்மதம் தேவைப்படலைங்க. அந்த மணிக்கூண்டு நாளைக்கு 'முடியாது'ன்னு சொல்லிட்டா, இவ இந்த வீட்டுக்குள்ள எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? உங்க முகத்தை நினைச்சு நினைச்சே இவ படிக்காம உக்காந்திருந்தா. 'அது திறந்தாலும் மானம் போகாது'ன்னு உங்க வாயால வரணும். நாங்க சொன்னா வருமா? அதான், நீங்க நல்லாப் பேசுற இடத்துக்கே வந்தோம்."

மகள் எழுந்து வந்து, பழையபடி, அவர் அருகே உட்கார்ந்தாள். குடைக்காரர் அதன் பிறகு கோபப்படவில்லை. கோபப்பட இடமும் இல்லை. சோபாவில் ஒரு பக்கம் மகளும் மறு பக்கம் அவளுடைய புத்தகப் பையும் இருந்தன.

பதில்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது, நிச்சயம் இடம் தருவார்கள் என்று நம்பியிருந்த கல்லூரியின் பதில். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் அதைப் படித்துவிட்டு, தந்தையின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவர் தேநீரை உறிஞ்சியபடி, "ஒண்ணு திறக்கல. அவ்வளவுதானே? காத்து அப்படி" என்றார். அவ்வளவு அமைதியான முகத்தை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. மற்ற நான்கும் 'வா' என்றன. அவற்றுள் மணிக்கூண்டும் ஒன்று.

குடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"பார்த்தியா! பார்த்தியா! ஒண்ணே போதும்னு நான் அப்பவே..."

"அதுக்கு நான் போகலப்பா" என்றாள் மகள்.

"என்னது?"

"போன வாரம் நானும் அம்மாவும் எல்லாக் காலேஜையும் போய்ப் பார்த்துட்டு வந்தோம்ல? அங்க முதல் ரெண்டு வருஷம் பட்டறைக்குள்ளயே விட மாட்டாங்களாம். கண்ணாடி வழியாப் பார்க்கலாமாம். அஞ்சுல இன்னொண்ணு, அந்த ஆத்தங்கரைக் காலேஜ்ல முதல் வாரமே கையில உளியும் ரம்பமும் குடுக்குறாங்க. ஒரு இறக்கையைக் கழட்டி மேசை மேல போட்டு வெச்சிருக்காங்கப்பா. யார் வேணும்னாலும் தொடலாம். நான் தொட்டேன்."

கண்ணாடி வழியாகப் பார்த்து மடிக்கக் கற்றுக்கொண்டவர் யாரும் உண்டா என்று குடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். மகளின் விரல்களைப் பார்த்தார். வாதாட ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்திருந்தால் கல்லூரி இவளைத் தேர்ந்தெடுத்திருக்கும்; ஐந்துக்குப் போட்டதால் இவள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். இந்த வேறுபாடு புரிந்தவுடன் அவர் நெஞ்சு, பாராசூட் துணி காற்றை வாங்குவது போல, விரிந்துகொண்டே போயிற்று.

அந்த நெஞ்சோடு வெளியே வந்தார். பல் டாக்டர் மதிலோரம் சோர்ந்து நின்றிருந்தார். அவர் மகன், ஒரு கல்லூரியின் நேர்காணலில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு கல்லூரியின் நூலகத்தை மனமுருகப் புகழ்ந்துவிட்டு வந்திருந்தான். முப்பத்திரண்டில் எது எது என்று அவனுக்கு முகம் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க டாக்டர், மிச்சம் நிறைய இருக்கே" என்று தேற்றினார் குடைக்காரர். பிறகு, போதுமான அளவு தேற்றியாயிற்று என்று கண்டு, குரலை உயர்த்தினார். "எங்க பொண்ணு நாலு காலேஜை வரிசையில நிக்க வெச்சா. எல்லாத்தையும் நேர்ல போய்ப் பார்த்தா. மணிக்கூண்டு காலேஜைப் பார்த்து, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா!"

"மணிக்கூண்டையா!" டாக்டர் வியந்துபோனார். "பிரமாதம் சார். முப்பத்திரண்டும் இல்லாம, ஒண்ணும் இல்லாம, அளவா அஞ்சுக்குப் போடணும்கிற முடிவை யார் சார் எடுத்தது?"

குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மதிலில் ஒரு கையை ஊன்றினார்.

"நம்ம வீட்டுல முடிவுன்னா எப்பவும் நான்தான் டாக்டர். இப்பவும் பாருங்க, அடுத்தாப்புல ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கேன்..."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, உள்ள வாங்க. நீங்க என்ன முடிவு எடுத்திருக்கீங்கன்னு சொல்றேன்."